இடது பக்கம் பாடாத ஹெட்போன்கள்

பாட்டுக் கேட்பதற்கென்று நான் வாங்கிய சாமான்கள் மொத்தம் ஏழு. ஒன்றை என் வீட்டுக்காரர் சுவரில் அடித்து உடைத்தார். இரண்டை நானே உடைத்தேன். மூன்றைக் கடைக்காரர்களின் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்தேன். ஏழாவதால் ஒரு மனிதனின் புருவத்தைக் கிழித்தேன், மூன்று தையல். வாங்கியதற்காக நான் வருத்தப்படாதது அந்த ஏழாவது ஒன்றுதான். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. தலையில் மாட்டும் வளைவில் ரத்தக் கறையும் இருக்கிறது. கறை எடுக்கும் திரவம் கம்பெனியில் கேன் கேனாகக் கிடக்கிறது, ஆனாலும் நான் அதைத் துடைக்கவில்லை.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், செக்கிங் மேஜையில், இருபது வருடமாக நிற்கிறேன். தைத்து வரும் பனியனை விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, குறையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்து துணியில் நெடுக விழுந்த கோடு, தையல் தாவிப்போன இடம். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, திருத்தித் தைக்க அனுப்பும் ஆல்டர் கூடையில் போட வேண்டும். அம்பின் நுனி குறையைத் தொட வேண்டும், தள்ளி ஒட்டினால் சூப்பர்வைசர் திட்டுவார். நான் தள்ளி ஒட்டியதே இல்லை. கழுத்தில் நூல் வெட்டும் சின்னக் கத்தரியும் இடுப்பில் ஸ்டிக்கர் தாளுமாகவே என்னை எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போதுகூட இரண்டையும் கழற்ற மறந்துவிடுவேன்.

கோபம் எனக்குக் கூடவே பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வசதி உண்டு, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பேச்சில் 'ங்க' போகாது. "பல்ல ஒடச்சுப்போடுவனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் உடைப்போம். வெளியூர்க்காரர்கள் அந்த 'ங்க'வைக் கேட்டு நம்மைச் சாது என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் அடி விழுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் சாமானை வாங்கியது கல்யாணமான மூன்றாவது தீபாவளிக்கு. போனஸ் கவர் கைக்கு வந்த அன்றே கடைக்குப் போனேன். பென் டிரைவ் செருகினால் பாடும் ஸ்பீக்கர், ஒரு பிஸ்கட் டின் அளவு இருக்கும். பத்துப் பதினைந்து மாடல் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றிலும் பாட்டைப் போட்டுக் காட்டினார். நான் பாட்டைக் கேட்கவே இல்லை, ஒவ்வொன்றையும் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். துணியைத் தொட்டாலே எத்தனை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்று சொல்லிவிடுகிற கை என்னுடையது. கனமான துணி நல்ல துணி, வெளுத்தாலும் நிற்கும். அதே கணக்கில் இருப்பதிலேயே கனமான ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வந்தேன். பனியன்காரி புத்தி வேறெப்படி வேலை செய்யும்?

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர். அன்று வேலை முடிந்து வந்தவர் வாசலில் நின்றபடியே பெட்டியைப் பார்த்தார்.

"ஆரக் கேட்டு வாங்குன?"

"என்ற போனஸுங்க," என்றேன். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை.

வலது கையால் விட்டார். இடது கன்னமும் காதும் சேர்ந்து அதை வாங்கின. நான் தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தேன், குடம் உருண்டது, தண்ணீர் அறை முழுக்கப் பரவியது. எழுந்து பார்த்தபோது அவர் ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். சுவரில் அடித்தார். அது பிளந்ததும் உள்ளேயிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டு வில்லை கீழே விழுந்தது. கனம் தெரிவதற்காக உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கல்லக் காசு குடுத்து வாங்கியாந்திருக்கறயே, புள்ள!"

அன்றைக்கு அழுதேன். அறைக்கு அழுதாயா, கல்லுக்கு அழுதாயா என்று கேட்டால் கல்லுக்குத்தான். என் கையை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அறை பழகியது. கை ஏமாந்தது அதுவே முதல் தடவை. அன்றிலிருந்து என் கோபம் மொத்தமும் கடைக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

காதில் மூன்று நாள் குக்கர் விசில் மாதிரி சத்தம் இருந்தது. தேங்காய் எண்ணெயைச் சூடுகாட்டி இரண்டு சொட்டு விட்டேன். ஷிப்மெண்ட் அவசரம், லீவு கிடையாது, மறுநாளே மேஜையில் நின்றேன். விசில் அப்படியே மிஷின் சத்தத்தோடு கலந்துவிட்டது. அப்புறம் அதை நான் தனியாகக் கவனிக்கவில்லை. அடித்த மறுநாள் அவர் மல்லிகைப்பூ வாங்கி வருவார். என் தலையில் பூவைப் பார்த்தே பக்கத்து வீட்டுக்காரிகள் முந்தின நாள் கதையைத் தெரிந்துகொள்வார்கள். தினமும் அடிக்கிற ஆள் இல்லை அவர். இதைச் சொல்லும்போது நல்ல மனிதர் என்று சொல்வது போலக் கேட்கிறது. அப்படி நான் சொல்ல வரவில்லை.

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். மேஜையிலும் அவள்தான் பக்கத்தில். பஸ்ஸில் நான் இடது பக்க ஜன்னலோரம், அவள் எனக்கு வலப்பக்கம். அவளுடைய இயர்போனில் ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு மற்றதை என் வலது காதில் செருகிவிடுவாள். அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு இருந்தது. பாடுகிறவர் என் பக்கம் பாடுவார், புல்லாங்குழல் அவள் பக்கம் வரும். குழல் வருகிற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "இப்ப வருது பாருங்கக்கா, இப்ப, இப்ப," என்று என் தொடையைத் தட்டுவாள். எனக்குப் பாடுகிறவர் மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கும். போனை வெளியே பாடவிட்டால் குழல் கொசு ரீங்காரம் மாதிரி இருந்தது, அவள் கண்ணை மூடுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் குழலைச் சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது. நகை வேண்டாம், சேலை வேண்டாம், ஒரு பாட்டு இரண்டு காதிலும் முழுசாக வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது.

பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் ஒரு இயர்போன் வாங்கினேன். இரண்டு காதிலும் செருகி அந்தப் பாட்டைப் போட்டேன். பாடுகிறவர் வந்தார், குழல் வரவில்லை. இடது பக்கம் செத்துக் கிடந்தது. கழுத்துக் கத்தரியை எடுத்து அந்த ஒயரை விரல் நீளத் துண்டுகளாக வெட்டிப்போட்டேன்.

அடுத்ததைக் கடையிலேயே வாங்கினேன். அதிலும் இடது பக்கம் இல்லை. செக்கிங்காரி அல்லவா, இடது குமிழில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு போய்க் கடைக்காரரின் முன்னால் வைத்தேன். அவர் தன் காதில் செருகிக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் கும்முனு வருதுங்களே."

ஆண்பிள்ளைகள் முகத்துக்கு நேரே பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். மேல் பட்டன் அறுந்து கண்ணாடி மேஜையில் ஓடியது. "சிமெண்டு எங்கீங்க வெச்சிருக்கறீங்க, காட்டுங்க," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். இயர்போனை அவர் மூக்கில் எறிந்துவிட்டு வந்தேன். அதன் பிறகு தலையில் மாட்டுகிற மாதிரி ஒன்று, அதற்கும் இதே கதி. கழுத்தைச் சுற்றிப் போடும் நெக்பேண்டு ஒன்று, அந்தக் கடையில் கண்ணாடியே உடைந்தது.

சிநேகிதியிடம் ஒரு தடவை கொடுத்துக் கேட்கச் சொல்லியிருந்தால் விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் அவளையும் அடித்திருந்தேன். மேஜையில் அவள் எனக்கு இடப்பக்கம் நிற்பாள். கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். "அந்தக்காளுக்குத் திமிருங்க, காதுல உழுந்தாலும் உழாத மாதிரியே நிப்பாங்க." இது என் வலது காதில் விழுந்தது. அவள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது, சும்மா கதை கட்டுகிறாள் என்று எனக்கு நூறு சதவீதம் நிச்சயம். டீ டைமில் தம்ளரோடு நின்றவளைப் பளாரென்று அறைந்தேன். டீ அவள் கழுத்தில் கொட்டியது. சூப்பர்வைசர் அவளை வேறு மேஜைக்கு மாற்றினார். பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டில் அப்புறம் யாரும் உட்காரவில்லை.

ஆறாவதாக வாங்கிய ஹெட்போனிலும் இடது பக்கம் இல்லை, அதை வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மனநிலையில் இருந்தார். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கழற்றிக் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் வருது. உன்ற மண்டைக்குள்ளதான் ஓட்டை."

அவரும் கடைக்காரர்களோடு சேர்ந்துகொண்டார் என்றே நினைத்தேன். டிபன் கேரியரை எடுத்து வீசினேன். அவர் தோளில் பட்டது. அவர் என் தலைமுடியைப் பிடித்தார், நான் அவர் முன்னங்கையைக் கடித்தேன், பல் பதிந்து ரத்தம் வந்தது. அந்த வருடங்களில் நானும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதை விட்டிருந்தேன். சண்டை ஓய்ந்ததும் அந்த ஹெட்போனை வாசற்படியில் வைத்து அம்மிக் குழவியால் நசுக்கினேன். பிளாஸ்டிக் தூளாகிற வரை விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, மசாலா அரைக்கிறாளாக்கும் என்று நினைத்துப் போனாளாம்.

ஏழாவது கடை பல்லடம் ரோட்டில். கடைக்காரர் தெற்கத்திக்காரர், முப்பது வயது இருக்கும், இங்கே வந்து சொந்தமாகக் கடை போட்டவர். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை அவரிடம் ஒரு பெரிய ஹெட்போன் வாங்கினேன், காதை முழுக்க மூடுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது குமிழில் ஸ்டிக்கரோடு திரும்பப் போய் நின்றேன்.

"ஏனுங்க, நேத்துக் குடுத்தீங்களே, இடது பக்கம் செத்துக் கெடக்குதுங்க."

"குடுங்கக்கா, பாப்போம்." மாட்டிக் கேட்டார். "நல்லாத்தானக்கா இருக்கு. ரெண்டு பக்கமும் அருமையா கேக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"நான் எதுக்குக்கா பொய் சொல்லப்போறேன்? வேற ஒண்ணு தாரேன், போட்டுப் பாருங்க."

வேறொன்று தந்தார். இடது பக்கம் ஊமை. இன்னொன்று தந்தார். அதுவும் ஊமை. செக்கிங்கில் மூன்று பீஸில் ஒரே இடத்தில் ஒரே குறை வந்தால் என்ன அர்த்தம்? பீஸில் தப்பில்லை, அதைத் தைத்த மிஷினைப் போய்ப் பார் என்று அர்த்தம். இதைப் புதிதாக வந்த எத்தனை பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. கடையே திருட்டுக் கடை என்று முடிவு கட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் லேசாகச் சிரித்தார். சங்கடத்தில் சிரித்த சிரிப்புதான் அது. எனக்கு சிமெண்டு வில்லையும் என் வீட்டுக்காரரின் சிரிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

நான் வாங்கியிருந்த ஹெட்போனை வளைவோடு பிடித்து ஓங்கி அடித்தேன். கம்பி நீட்டியிருந்த ஓரம் அவருடைய புருவத்தில் பட்டது. தோல் திறந்துகொண்டது. ரத்தம் கண்ணில் இறங்கி, தாடையில் இறங்கி, அவர் போட்டிருந்த வெள்ளை டீஷர்ட்டில் விழுந்தது. பின்னல் துணியில் ரத்தம் ஒரு இடத்தில் நிற்காது, கண்ணி கண்ணியாக ஊறிப் பரவும். நூற்றெண்பது ஜிஎஸ்எம் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. மறுபடியும் கையை ஓங்கினேன். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் என் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார்.

"விடுங்க அவங்கள," என்றார் கடைக்காரர். புருவத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். "என்னக்கா இப்பிடி அடிச்சிட்டிய. ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. இதத் திருப்பி மாட்டுங்க, வலதுக்கு இடது."

ஹெட்போனில் எந்தக் குமிழ் எந்தக் காதுக்கு என்று எழுதியிருக்கும். பனியனில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தால் அது ரிஜெக்ட். இடது இடதுதான், வலது வலதுதான். இருபது வருடமாக அப்படிப் பழகிய எனக்கு, ஆறு சாமான் வாங்கியும் ஒன்றைக்கூடத் திருப்பி மாட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எந்தக் கம்பெனியிலும் பீஸை ஆயிரம் தடவை திருப்பிப் பார்ப்போம். பார்க்கிறவளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அவருடைய ரத்தம் ஒட்டிய ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். அதே பாட்டு. வலது காதில் புல்லாங்குழல் வந்தது. நான் அத்தனை வருடம் தேடிய குழல், ஒரு சின்ன வளைவு வளைந்து மேலே ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கியது. சிநேகிதி ஏன் கண்ணை மூடினாள் என்று தெரிந்தது. ஆனால் பாடுகிறவரைக் காணோம். அவர் இப்போது இடது பக்கம் போயிருந்தார்.

"இப்பம் எந்தப் பக்கம் கேக்குக்கா?"

வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்போ செட்டுல கோளாறு ஒண்ணுமில்லக்கா," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, அதை யார் மேல் எறிவது என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்திருந்தவர்கள் எப்போது விட்டார்கள் என்றும் தெரியவில்லை. மூன்றாவது தீபாவளி, குடம் உருண்டது, எண்ணெயைச் சூடுகாட்டியது எல்லாம் வரிசையாக வந்தன. வலது கை ஓங்கினால் எதிரே நிற்பவளுக்கு இடது காதில்தான் விழும்.

அவரை என் ஸ்கூட்டியிலேயே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடித்தவள் ஓட்ட, அடி வாங்கியவர் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! தையல் போட்ட டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். கடைக்காரர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"ஷட்டர் இடிச்சிட்டு, சார்."

வெளியே வந்ததும், "நான் அடிக்க வேண்டிய ஆளு நீங்க இல்லீங்க," என்றேன். அவர் கட்டுப்போட்ட புருவத்தைத் தூக்க முடியாமல் தூக்கிப் பார்த்தார். "அது தெரியுதுக்கா. ஆனா அடி எனக்குல்லா விழுந்துட்டு," என்றார். புது டீஷர்ட் ஒன்றும் மருந்துச் செலவும் கொடுத்தேன். டீஷர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, அதன் தோள் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இது பிரியாதுல்லா?" என்றார். சிரிப்பதா அவர் காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த வாரமே லீவு போட்டுக் காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றியதும் என் கட்டைவிரலுக்கு வேலையே இல்லாமல் போனது. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை எப்போதோ கிழிந்து ஆறிய தழும்பு இருக்கிறது, உள்ளே நரம்பும் போய்விட்டது என்றார்.

"யாராவது காதுல அடிச்சாங்களாம்மா?"

"இல்லீங்க. மிஷின் சத்தங்க."

வாயிலிருந்து அது தானாக வந்தது. ஷட்டர் இடித்தது என்று அவர் சொன்னாரே, அதே ஜாதிப் பொய். ஆனால் அவர் என்னைக் காப்பாற்றியது நான் அடித்த ஒரே ஒரு அடிக்காக. நான் வருடக்கணக்காக ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். இடது பக்கத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான் ஒருத்திதான். வெளியே நான் அடித்த ஆட்கள் அத்தனை பேரும் தப்பான ஆட்கள்.

டாக்டர் என்னை நம்பவில்லை. மிஷின் சத்தம் இரண்டு காதையும் சேர்த்துத்தான் தின்னும் என்றார். சீட்டு எழுதிக்கொண்டே, "வலது காதைப் பத்திரமா பாத்துக்குங்கம்மா. அதுவும் போச்சுன்னா எதுவும் செய்ய முடியாது," என்றார். அதுவும் போனால் மேஜையில் கூப்பிடுவது கேட்காது, ரோட்டில் லாரி ஹாரன் கேட்காது, குழலும் கேட்காது. பஸ்ஸில் வரும்போது வலது காதைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டு முடித்திருந்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டப் போனேன். கை கழுவிவிட்டு வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

"மறுபடியும் வாங்கியாந்துட்டயா? எத்தன வாட்டிடி சொல்றது உனக்கு?"

வலது கை மேலே போனது. என் முகம் தானாகத் திரும்பியது. வலது காதைத் தலையணைப் பக்கம் ஒளித்துக்கொண்டு இடது காதை அவருக்குக் காட்டினேன். செத்ததில்தானே அடிக்கப் போகிறாய், அடித்துக்கொள் என்று காட்டினேன். அப்படிக் காட்டுகிறேன் என்பது அந்த நொடியில் எனக்கே தெரிந்தது. அதுவரை என் வாழ்க்கையில் வராத கோபம் அப்போது வந்தது.

கை இறங்குவதற்குள் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். அவர் மறு கையால் என் தோளில் குத்தினார், நான் விடவில்லை. இருபது வருடம் துணிக் கட்டு தூக்கிய கை இது. அப்படியே இழுத்துத் தரையில் சாய்த்து, அவர் முன்னங்கையில் முழங்காலை வைத்து அழுத்தினேன். கறிக் குழம்பு வாசம் வீசும் விரல்கள் விரிந்தன. கழுத்துக் கத்தரி ஊசலாடி அவர் உள்ளங்கைக்கு மேல் வந்து வந்து போனது. அவர் கண் அந்தக் கத்தரியை விட்டு நகரவில்லை. குத்தியிருப்பேன். உண்மையைத்தான் சொல்கிறேன், குத்துகிற அளவுக்குத்தான் இருந்தேன்.

இடுப்பிலிருந்த தாளை எடுத்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்தேன். அவருடைய உள்ளங்கையில் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அம்பின் நுனி சரியாக நடுவில் இருந்தது.

"என்ன புள்ள இது?"

"குறைங்க."

"என்ன குறை?"

சொன்னேன். தீபாவளி, ஸ்பீக்கர், குடம், விசில், டாக்டர் விளக்கடித்துப் பார்த்த தழும்பு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன் அறுந்த கடைக்காரரையும், டீ கொட்டிய கழுத்தையும், புருவத்தில் மூன்று தையலையும் சொன்னேன். "இன்னொருக்கா இந்தக் கை மேல வந்துதுன்னா ஸ்டிக்கர் ஒட்ட மாட்டனுங்க. கத்தரிய எறக்கிப்போடுவனுங்க," என்றேன். அப்புறம் முழங்காலை எடுத்துக்கொண்டேன்.

அவர் வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைப் பிய்க்கவில்லை. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஹெட்போனைத் திருப்பி மாட்டி, பாட்டை முழுச் சத்தத்துக்கு வைத்தேன். குழல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கட்டில் தாழ்ந்தது, அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. மூச்சு என் கன்னத்தில் பட்டது, கட்டில் லேசாக ஆடியது. ஏதோ பேசினார், ரொம்ப நேரம் பேசினார். மன்னிப்புக் கேட்டாரா, திட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் என் இடது பக்கம் உட்கார்ந்து பேசினார்.